ஆழ்கடல் முருகைக்குப் பெயரிட்ட வரலாறு

பவளம் என்னும் சொல் நம் செவிக்குப் புதியதன்று. நவமணிகளுள் ஒன்றாக அதனைப் போற்றுகின்றோம். துகிர் என்பது அதன் பழம் பெயர். முருகைக்கல் என்பதோ நம் கரையோர மக்களுக்கு இன்னும் நெருங்கிய சொல். நெடுந்தீவிலே அது மதிலாக நிற்கின்றது. வேறு பல ஊர்களிலே சூளையில் வெந்து சுண்ணாம்பாகிச் சுவரேறியிருக்கின்றது. பவளத்தை மணி என்றும் முருகையைக் கல் என்றும் வழங்கும் நாம், இவையிரண்டும் உயிருள்ள பிராணிகள் தம் உடலினின்றும் சுரந்து கட்டிய கூடுகள் என்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை.

முருகை என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது வெயில் ஊடுருவும் ஆழங்குறைந்த கடல். வண்ண மீன்கள் விளையாடும் பார். ஆயின் முருகை இனங்கள் யாவும் அவ்வாறு ஒளியை நாடி வாழ்வன அல்ல. 2007ஆம் ஆண்டளவிற் செய்யப்பட்ட ஒரு கணக்கின்படி, அறிஞர் பெயரிட்டு அறிந்த முருகை இனங்கள் 5,000க்குச் சற்று மேற்பட்டன. அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 50 மீற்றருக்குக் கீழான நீரில் வாழ்வன. அவற்றுட் பல கதிரவன் ஒளி எட்டாத இருளிலும், எலும்பை நடுக்கும் குளிரிலும், நீரின் பெரும் அழுத்தத்திலும் வாழ்கின்றன. மேலிருந்து மழைபோல் உதிரும் நுண்ணிய உணவுத் துகள்களையும் நீரோட்டம் கொண்டுவரும் சிற்றுயிர்களையும் பற்றி உண்டு அவை உயிர் தாங்குகின்றன.

மனிதன் காணாத இடத்தில் வாழும் இவ்வுயிர்களை மனிதன் எவ்வாறு அறிந்தான்? யார் முதலிற் கண்டார்? யார் பெயரிட்டார்? பெயரிட்டதனால் விளைந்த பயன் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலிலே தீர்க்கப்பட வேண்டியிருந்தது ஓர் அடிப்படை ஐயம். பவளம் கல்லா, செடியா, பிராணியா என்பதே அது. கிளைவிட்டு வளர்வதனாற் செடி என்றனர் சிலர். உறுதியும் கனமும் உடையதாதலின் கல் என்றனர் வேறு சிலர். 1706ஆம் ஆண்டிலே மார்சிலி என்னும் இத்தாலியப் பிரபு, கடலினின்று எடுத்த செம்பவளக் கிளையை உடனே கடல்நீரில் இட்டு வைத்துப் பார்த்தார். கிளையெங்கும் எட்டு இதழ் கொண்ட வெண்ணிற மலர்கள் விரிந்தன. பவளத்தின் பூக்களைத் தாம் கண்டுவிட்டதாக அவர் மகிழ்ந்தார்; அறிஞர் உலகும் அவ்வாறே நம்பியது.

மார்சேய் நகரத்து வைத்தியர் பேசொனெல் என்பவர் அம்மலர்களை மேலும் கூர்ந்து நோக்கினார். அவை தொட்டாற் சுருங்கின, தாமே அசைந்தன. 1720களிலே, தம் நாட்டுக் கரையிலும் வட ஆபிரிக்கக் கரையிலும் ஆராய்ந்த பின்னர், அவை மலர்கள் அல்ல, சிறு பிராணிகளே என்று அவர் துணிந்தார். பாரிசிலிருந்த விஞ்ஞானக் கழகத்துக்கு அச்செய்தியை அனுப்பினார். அக்காலத்துப் பெரும் புலவரான ரேயொமூர் அதனை ஏற்கவில்லை. எழுதியவரின் பெயரை வெளியிடுவது அவருக்கு இழுக்காகும் என்று எண்ணி, பெயரைக் குறிப்பிடாமலே அக்கருத்தை மறுத்தார். பின்னர் 1740களில் நன்னீர்ப் பொலிப்புகளை ஆராய்ந்த திரெம்பிளேயின் பணியினாலும், கடற்கரைக்குச் சென்று நேரிற் பார்த்த பிற அறிஞரின் சான்றினாலும், பேசொனெல் கூறியதே மெய் என்பது நிலைநாட்டப்பட்டது. ரேயொமூரும் அதனை ஒப்புக்கொண்டார். பெரியோர் கூற்று என்பதற்காக ஒரு கருத்து மெய்யாகிவிடாது. சிறியோர் கூற்று என்பதற்காகப் பொய்யாகியும் விடாது. இந்த நீதி நம் வரலாற்றில் மீண்டும் மீண்டும் வரக் காண்போம்.

இனி வடக்கே நோர்வே நாட்டுக்குச் செல்வோம். அந்நாட்டின் கரை, மலைகளுக்கிடையே கடல் புகுந்து கிடக்கும் ஆழமான குடாக்களை உடையது. அங்கே தூண்டிற் கயிறுகளை ஆழத்தில் இறக்கி மீன் பிடிக்கும் வலைஞர், சில வேளைகளிலே மரக்கிளை போன்ற வெண்மையும் செம்மையுமான பொருள்கள் தம் தூண்டிலிற் சிக்கி வருவதைக் கண்டனர். அவற்றைக் கடல்மரம் என்றே அவர்கள் வழங்கினர். அவ்வகை வளரும் இடங்களில் மீன் மிகுதியாகக் கிடைக்கும் என்பதும் அவர்கள் அறிந்த உண்மை. பேர்கன் நகரத்து ஆயராயிருந்த பொந்தொப்பிடான், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளியிட்ட நோர்வேயின் இயற்கை வரலாற்றிலே இப்பொருள்களைப் பற்றி எழுதினார். திரொன்யெம் நகரத்து ஆயரான குன்னெருஸ், 1760களில் நோர்வே முருகைகளை ஆராய்ந்து தனிக் கட்டுரைகள் வரைந்தார். ஆக, ஆழ்கடல் முருகையின் முதல் ஆசிரியர் வலைஞரே. அவர் வாய்மொழியை ஏட்டில் ஏற்றியோர் இரு சமயத் தலைவர்.

இவர்களுக்கு இடையிலே, 1758ஆம் ஆண்டில், சுவீடன் தேசத்து லின்னேயஸ் தம் பெருநூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். விலங்குகளுக்குப் பெயரிடும் முறைமை அவ்வாண்டிலிருந்தே தொடங்குவதாக இன்றும் உலக அறிஞர் கொள்கின்றனர். ஒவ்வோர் உயிருக்கும் இரு சொற்கள் கொண்ட இலத்தீன் பெயர். முதற் சொல் சாதியைக் குறிக்கும், இரண்டாம் சொல் இனத்தைக் குறிக்கும். நோர்வேக் கடலின் வெண்முருகைக்கு லின்னேயஸ் இட்ட பெயர் மாட்றெப்போரா பெர்த்தூசா என்பது. பெர்த்தூசா என்றால் துளையுடையது என்று பொருள். இப்பெயரின் பிற்கால வரலாற்றைப் பின்னர்க் கூறுவேன்.

ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழிந்தன. 1841ஆம், 1842ஆம் ஆண்டுகளில் எட்வேட் போர்ப்ஸ் என்னும் பிரித்தானிய இயற்கை அறிஞர், பீக்கன் என்ற கப்பலிலே சென்று ஈஜியன் கடலின் அடியை வாரி ஆராய்ந்தார். ஆழம் கூடக் கூட உயிர்கள் குறைந்துகொண்டே செல்வதைக் கண்டார். அக்குறைவைக் கணக்கிட்டு, 300 பாகத்துக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய 550 மீற்றருக்குக் கீழே, உயிர்வாழ்வு இராது என்று ஊகித்தார். போர்ப்ஸ் நேர்மையும் உழைப்பும் மிக்கவர். ஆயினும் ஈஜியன் கடலின் அடி இயல்பாகவே உணவு குறைந்தது. அவர் கையாண்ட வாரியும் சிறியது. ஒரு கடலிற் கண்டதை எல்லாக் கடலுக்கும் விரித்ததே அவ்வூகத்தின் குறை. ஆழ்கடல் இருண்டது, குளிர்ந்தது, அழுத்தம் மிக்கது. அங்கே உயிர் எவ்வாறு வாழும் என்ற எண்ணம் இயல்பானதாகத் தோன்றியமையால் அக்கருத்து விரைவிற் பரவியது. 1818ஆம் ஆண்டிலேயே வடகடலுக்குச் சென்ற ஜோன் ரொஸ் என்பவரின் கப்பற் கயிற்றில், பெரும் ஆழத்திலிருந்து நட்சத்திர மீன் வகையொன்று சிக்கி வந்திருந்தது. அச்சான்றை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

அக்கருத்தை அசைத்தது ஒரு தந்திக் கம்பி. மத்தியதரைக் கடலிலே, சார்டினியாத் தீவுக்கும் வட ஆபிரிக்கக் கரையிலுள்ள போனா நகருக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டிருந்தது. அது பழுதுற்றமையால் 1860ஆம் ஆண்டில் பிளீமிங் ஜென்கின் என்னும் பொறியியலாளர் அதனை மேலே இழுத்தார். கம்பியோடு உயிர்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. அவற்றுள் ஒன்று, காரியோபில்லியா என்ற சாதியைச் சேர்ந்த கிண்ண வடிவான முருகை. ஏறக்குறைய 1,200 பாக ஆழத்திலே அது கம்பியின் மீது உறுதியாக வேரூன்றி வளர்ந்திருந்தது. வாரியிற் சிக்கிய உயிராயின், மேலே வரும் வழியில் அகப்பட்டிருக்கலாம் என்று மறுப்பதற்கு இடமுண்டு. கம்பியிற் கல்லாக ஒட்டி வளர்ந்த முருகையை அவ்வாறு மறுக்க முடியுமா? நகர மாட்டாத அந்தச் சிறு பிராணி, தான் வாழ்ந்த இடத்துக்குத் தானே சாட்சியாயிற்று.

அதே காலத்தில் நோர்வேயிலே சார்ஸ் என்னும் தந்தையும் மைந்தரும் 300 பாகத்துக்கும் கீழே வாரியை இறக்கிப் பல வகை உயிர்களைச் சேர்த்தனர். அமெரிக்காவிலே பூர்த்தாலெஸ் என்பவர் 1867ஆம் ஆண்டு முதல் புளோரிடாக் கரையோரத்தில் ஆழ்கடலை வாரி, ஆழ்கடல் முருகைகளுக்கென்றே ஒரு நூலை 1871இல் வெளியிட்டார். பிரித்தானியாவிலே வைவில் தொம்சனும் அவருடைய நண்பர்களும் கடற்படையின் துணையைப் பெற்று, 1868இல் லைற்னிங் என்ற கப்பலிலும், 1869, 1870ஆம் ஆண்டுகளில் போர்க்குபைன் என்ற கப்பலிலும் சென்றனர். 1869இல் 2,435 பாக ஆழத்திலிருந்தும் உயிர்கள் மேலே வந்தன. கடலடி வெறும் பாழன்று என்பது உறுதியாயிற்று. போர்க்குபைன் கொணர்ந்த முருகைகளை மார்ட்டின் டங்கன் என்பவர் விவரித்தார்.

இவற்றின் தொடர்ச்சியாக எழுந்ததே சலஞ்சர் கப்பலின் பெரும் பயணம். 1872ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் போட்ஸ்மத் துறையினின்று புறப்பட்ட அக்கப்பல், 1876ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் தாய்நாடு திரும்பியது. அது கடந்த தூரம் ஏறக்குறைய 69,000 கடல்மைல். ஆழம் அளந்தும் அடியை வாரியும் ஆராய்ந்த இடங்கள் 362. அது அளந்த மிகப் பெரிய ஆழம் 4,475 பாகம். அப்பயணத்தின் அறிக்கைகள் 50 தொகுதிகளாக அச்சேற 1895ஆம் ஆண்டு வரை சென்றது.

அக்கப்பலிலே சென்ற அறிஞருள் ஒருவர் ஹென்றி மோஸ்லி. 1844ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையிற் பயின்றவர். அவருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1871ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவையும் இலங்கையின் வடபாகத்தையும் கடந்து சென்றது. அதனை ஆராய வந்த பிரித்தானியக் குழுவில் ஒருவராக மோஸ்லி திருகோணமலைக்கு வந்து, சூரியனின் ஒளியைப் பகுத்து நோக்கினார். வானத்தைப் பார்க்க வந்தவர் நிலத்தையும் மறந்தாரில்லை. ஈரமண்ணில் ஊரும் தட்டைப் புழுக்களை இந்நாட்டிலே சேர்த்து, அவற்றின் உடலமைப்பைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வரைந்தார். கிரகணம் கண்டு ஓராண்டு நிறைந்து சில நாட்களில் அவர் சலஞ்சர் கப்பலில் ஏறினார்.

வாரி மேலே வரும்போதெல்லாம் தொடக்கத்திலே கப்பலில் உள்ளோர் அனைவரும் கூடி நின்று பார்ப்பராம். நாள் செல்லச் செல்லக் கூட்டம் குறைந்தது. சாப்பாட்டு வேளையில் வாரி வந்தால் இயற்கை அறிஞர் சிலருக்கும் ஊக்கம் குன்றியது என்று மோஸ்லி நகைச்சுவையாக எழுதியுள்ளார். ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் சலிப்பை வெல்லும் பொறுமையே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆழ்கடல் முருகைகளை விவரிக்கும் பொறுப்பு மோஸ்லியைச் சேர்ந்தது. புதிய இனம் ஒன்றை விவரித்தல் என்றால் என்ன என்பதை இவ்விடத்திற் சற்று விளக்குதல் நன்று. கடலினின்று ஒரு புதுமையான பொருள் கிடைத்தது என்று கூறிவிட்டால் மட்டும் அது விவரிப்பு ஆகிவிடாது. அதற்கு முன் வெளிவந்த விவரிப்புகளையெல்லாம் தேடிப் படிக்க வேண்டும். உறவான இனங்களின் மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். எவ்வகையில் ஒத்தது, எவ்வகையில் வேறுபட்டது என்பதை அளந்து எழுத வேண்டும். படம் வரைந்து சேர்க்க வேண்டும். பெயரிட்டு அச்சில் வெளியிட வேண்டும். பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியை நூதனசாலை ஒன்றில் வைக்க வேண்டும். ஐயம் எழும்போது பின்வரும் அறிஞர் அதனைச் சென்று பார்த்துத் தெளிவர். ஒரே இனத்துக்கு இருவர் பெயரிட்டிருப்பின், முந்திய பெயரே பொதுவாக நிலைக்கும். ஆகவே ஒரு விவரிப்பு என்பது எழுதியவர் மறைந்த பின்னரும் சான்று கூறும் உறுதிச் சாசனம் போன்றது.

கிண்ண முருகையை எடுத்துக்கொள்வோம். அதன் உட்புறத்தே, சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுவரிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் நிற்கும். முதற் சுற்றில் 6 தகடுகள். அவற்றின் இடைவெளிகளில் இரண்டாம் சுற்றாக 6. மூன்றாம் சுற்றாக 12. நான்காம் சுற்றாக 24. நான்கு சுற்றும் நிறைந்தால் 48. எத்தனை சுற்று உண்டு, எச்சுற்றின் தகடு உயர்ந்தது, நடுவிலே தூண் உண்டா இல்லையா, வெளிச்சுவர் வழவழப்பானதா வரியுடையதா என்பனவெல்லாம் இனத்தை இனத்தினின்று பிரிக்கும் அடையாளங்கள். செய்யுளின் சீரையும் தளையையும் எண்ணி இன்ன பா என்று வகுக்கும் இலக்கணப் புலவரின் பணியோடு இப்பணியை ஒப்பிடலாம். எண்ணுவது எளிது, பிழையின்றி எண்ணுவதும், எண்ணியதன் பொருளை உணர்வதுமே அரிது.

மோஸ்லி விவரித்த இனங்களுள் லெப்டோபெனுஸ் என்ற சாதி குறிப்பிடத்தக்கது. 1,000 பாகத்துக்கும் மிகுந்த ஆழத்திலே கிடைத்த அதன் கூடு, நூலாற் பின்னிய வட்டமான சரிகைபோல் அத்துணை மெல்லியது. விரல் பட்டால் நொறுங்கும் அப்பொருளைக் கல்லையும் சேற்றையும் சேர்த்து வாரும் வாரியினின்று பிரித்தெடுத்து, சிதையாமற் காத்து, வரைந்து, எழுதுவதற்கு எத்துணைக் கைப்பக்குவம் வேண்டும் என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள்.

அவருடைய மற்றொரு பெருந்தொண்டு, கூட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டும் வழக்கத்தை மாற்றியமை. அதற்கு முன்னர் அறிஞர் பலர் உலர்ந்த கூடுகளையே நூதனசாலைகளில் வைத்து ஆராய்ந்தனர். மோஸ்லியோ உயிருள்ள பிராணியை உடனே பாதுகாத்து, நுண்ணிய சீவல்களாகச் சீவி, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினார். தாகித்தித் தீவிலே எரிமுருகை எனப்படும் மில்லெப்போராவையும், பிலிப்பைன்ஸ் தீவுகளிலே நீல முருகையையும் அவ்வாறு ஆராய்ந்தார். நீல முருகை கல்முருகை போலத் தோன்றினும், அதன் பொலிப்புகளுக்கு எட்டு உணர்கொம்புகள் உண்டு. ஆகவே அது செம்பவளத்தின் உறவு என்று காட்டினார். எரிமுருகையும், ஆழ்கடலில் வாழும் ஸ்ரைலஸ்டர் என்னும் அழகிய குடும்பமும் மெய்யான கல்முருகைகளே அல்ல, ஐதரா என்ற பிராணியின் சுற்றத்தைச் சேர்ந்தவை என்பதையும் நிறுவினார். தோற்றம் ஒன்றாயிருப்பதால் மட்டும் உறவு ஒன்றாகிவிடாது என்னும் பாடம் அதனால் உறுதிபெற்றது.

சலஞ்சர் கப்பல் இலங்கைத் துறை எதனையும் நாடி வரவில்லை. இந்து சமுத்திரத்தின் தென்பகுதியையே அது கடந்தது. நம் பக்கத்துக் கடல்களின் ஆழத்தை ஆராயும் பணி, இந்திய அரசின் அளவைக் கப்பலான இன்வெஸ்ரிகேற்றருக்கு வாய்த்தது. அதிலே 1888ஆம் ஆண்டு முதல் மருத்துவராகவும் இயற்கை அறிஞராகவும் பணிபுரிந்த அல்ஃப்ரெட் அல்கொக், பின்னர் கல்கத்தா நூதனசாலையின் தலைவரானார். அக்கப்பல் வாரிய ஆழ்கடல் முருகைகளைப் பற்றி 1898இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதிலே அவர் பெயரிட்ட இனங்களுள் ஒன்று காரியோபில்லியா அம்புரோசியா. கிரேக்கர் அம்புரோசியா என்றதும் வடமொழியாளர் அமிர்தம் என்றதும் ஒரே வேரிற் பிறந்த சொற்கள். இருளில் வாழும் ஒரு சிறு கிண்ணத்துக்கு அமுதம் என்று பெயரிட்ட அவ்வறிஞரின் உள்ளத்தில் வியப்புக்கும் இடமிருந்தது என்றே நான் கொள்கிறேன்.

பெயர் ஒருமுறை இடப்பட்டால் என்றும் மாறாதோ என்று கேட்பாரும் உளர். லின்னேயஸ் பெயரிட்ட நோர்வே முருகையே இதற்கு விடை கூறும். அவர் அதனை மாட்றெப்போரா என்ற சாதியில் வைத்தார். 19ஆம் நூற்றாண்டிலே அது லொபேலியா என்னும் தனிச் சாதிக்கு மாற்றப்பட்டது. லொபேலியா பெர்த்தூசா என்ற பெயரே நெடுங்காலம் வழங்கிற்று. 2016ஆம் ஆண்டில், உயிரணுக்களின் மரபுப் பொருளை ஆராய்ந்தோர், அது டெஸ்மோபில்லம் என்ற சாதியோடு சேரத்தக்கது என்று காட்டினர். ஆகவே இன்று அது டெஸ்மோபில்லம் பெர்த்தூசம். சாதிப் பெயர் மாறினும், துளையுடையது என்ற லின்னேயசின் சொல் நீங்கவில்லை. இலத்தீன் இலக்கண விதிப்படி பால் மாறியமையால் ஈறு மட்டுமே திரிந்தது. 1758இல் எழுதிய ஒரு சொல் 258 ஆண்டு கழிந்தும் தன் இடத்தை இழக்காமல் நிற்பதைக் காண்கிறோம். கருத்துத் திருந்துகிறது, முன்னோர் உழைப்போ வீணாவதில்லை.

நேயர்களே, கடலடியிற் கிடக்கும் ஒரு பிராணிக்கு இலத்தீனிற் பெயரிடுவதனால் உலகுக்கு என்ன நன்மை என்று சிலர் வினவக்கூடும். வினவுதல் தகும். அதற்கு வரலாறே விடை தருகின்றது.

ஆழ்கடல் முருகை மிக மெதுவாக வளர்வது. நோர்வேயின் வெண்முருகை ஓராண்டில் சில மில்லிமீற்றர் முதல் இரண்டொரு சென்ரிமீற்றர் வரையே உயரும். அவ்வாறு உயர்ந்தே, ஆயிரக்கணக்கான ஆண்டுகளிலே, கிலோமீற்றர்க் கணக்கில் நீண்ட பார்களை அது கட்டியிருக்கிறது. 2002இல் நோர்வேயின் ரொஸ்ட் தீவருகே கண்டறியப்பட்ட பார் 35 கிலோமீற்றருக்கும் குறையாத நீளமுடையது. ஹவாய்த் தீவுகளின் அருகே ஆழ்கடலில் வாழ்ந்த கருமுருகை ஒன்றின் வயது 4,265 ஆண்டு என்று 2009இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. எகிப்திலே பெரிய கூர்ங்கோபுரங்கள் எழுந்து சில நூற்றாண்டுகளே கழிந்த காலத்தில் முளைத்த உயிர் அது.

அத்துணை நெடுங்காலம் வாழ்ந்ததை அழிப்பதற்குச் சில நிமிடங்களே போதும். கனமான இரும்புப் பலகைகளும் உருளைகளும் பூட்டிய இழுவைமடி, கடலடியை உழுதுகொண்டு செல்லும்போது, முருகைப் பார் நொறுங்கிச் சல்லியாகின்றது. நோர்வேயிலே, அந்நாட்டு முருகைப் பரப்பில் 30 முதல் 50 வீதம் வரை இவ்வாறு சேதமுற்றிருக்கலாம் என்று அந்நாட்டு அறிஞர் மதிப்பிட்டனர். அங்கும் தூண்டில் வலைஞரே முதலில் முறையிட்டவர்களுட் சேர்ந்தவர்கள். பார் அழிந்தபின் மீன் குறைந்ததை அவர்கள் கண்டனர். 1999ஆம் ஆண்டில் சூலா என்னும் பாரிலே அடியிழுவை தடைசெய்யப்பட்டது.

ஸ்கொத்லாந்துக்கு வடமேற்கே, ஏறக்குறைய 1,000 மீற்றர் ஆழத்தில், முருகை வளர்ந்த மேடுகள் 1998இல் கண்டறியப்பட்டன. அறிஞர் டார்வினின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோதே இழுவையின் தடங்கள் அங்கே பதிந்திருந்தன. 2003இல் தற்காலிகமாகவும் 2004இல் நிரந்தரமாகவும் அங்கு அடியிழுவை தடுக்கப்பட்டது. தடை விதித்துப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும், நொறுங்கிய இடங்களில் முருகை மீண்டும் வேரூன்றக் காணவில்லை. காலம் கடந்த காவல் எஞ்சியதைக் காக்குமேயன்றி இழந்ததை மீட்காது.

சட்டம் எழுதுவோர் எதனைக் காப்பது என்று குறிப்பிட்டாக வேண்டும். பெயரில்லாத ஒன்றைச் சட்டத்தில் எழுத முடியாது. எங்கே வாழ்கிறது என்று அறியாத ஒன்றுக்கு எல்லை வகுக்க முடியாது. 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலின் குளிர்நீர் முருகைகளை அடித்தள மீன்பிடியினின்று காக்குமாறு நாடுகளைக் கோரியது. அத்தீர்மானத்தின் பின்னே, லின்னேயஸ் முதல் மோஸ்லி, அல்கொக் வரையில் தகடுகளை எண்ணிக்கொண்டிருந்தோரின் நெடுங்காலப் பொறுமை மறைந்து நிற்கின்றது.

இழுவைமடி என்பது நம் வடபகுதி மக்களுக்கு விளக்க வேண்டிய சொல்லன்று. அதனால் வலையிழந்தோரும் வருவாயிழந்தோரும் நம்மிடையே உளர். இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் இயற்றிய திருத்தச் சட்டத்தின் மூலம் அடியிழுவை மீன்பிடியைத் தடைசெய்தது. பாக்குநீரிணையின் ஆழங்குறைந்த கடலும் நோர்வேயின் ஆழ்கடலும் ஒன்றல்ல. ஆயினும் அடியை உழுதால் விளைவு அழியும் என்னும் நீதி இரண்டுக்கும் ஒன்றே. திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று பெரும் ஆழத்துக்கு இறங்குகின்றது. அத்தகைய ஆழங்களிலே வாழும் உயிர்களை எண்ணி எழுதும் பணிக்கு நம் இளைஞரும் முன்வருதல் வேண்டும்.

மோஸ்லி 1881இல் தம் முருகை அறிக்கையை வெளியிட்டு, அவ்வாண்டிலேயே ஒக்ஸ்போர்டில் பேராசிரியரானார். 1887இல் நோயுற்றார், 1891இல் தம் 46ஆம் வயதிற் காலமானார். அவர் நோயுற்ற அதே ஆண்டிற் பிறந்த மைந்தர் தந்தையின் பெயரையே தாங்கியவர். அம்மைந்தரே பின்னர் 1913இல், மூலகங்களை அவற்றின் அணுவெண்ணின்படி வரிசைப்படுத்தற்கு ஆதாரமான ஆராய்ச்சியைச் செய்து உலகப் புகழ் பெற்றார். 1915இல் கலிப்பொலிப் போரிலே தம் 27ஆம் வயதில் உயிர் துறந்தார். தந்தை முருகையின் தகடுகளை எண்ணினார். மைந்தர் மூலகங்களின் வரிசையை எண்ணினார். இருவரும் நெடுநாள் வாழவில்லை. இருவர் எண்ணிய எண்ணும் நிலைத்தன.

பள்ளிப் பிள்ளைகள் விலங்கியற் பாடத்தில் வரும் நீண்ட இலத்தீன் பெயர்களைக் கண்டு மலைப்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். அப்பெயர்களை வெறும் நெட்டுருவாகக் கற்பியாது, ஒவ்வொன்றின் பின்னேயும் ஒரு வலைஞரும், ஒரு கப்பலும், இரவில் விளக்கருகே அமர்ந்து அளந்தெழுதிய ஒருவரும் உளர் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தல் நம் கடனாகும். ஒன்றுக்குப் பெயரிடுதல் அதனை உடைமையாக்கிக் கொள்வதன்று. அதன் இருப்பை ஏற்று, அதற்கு நாம் பொறுப்பாளர் என்று ஒப்புக்கொள்வதாகும். ஆழ்கடலில் இன்னும் பெயர்பெறாத உயிர்கள் பல வாழ்கின்றன. அவற்றுக்கு நம் இழுவைமடி முந்துமா, நம் எழுதுகோல் முந்துமா என்பதே இக்காலத்தார் விடை கூற வேண்டிய வினா.